வரப்போகும் காமிக்ஸில் எதை வாங்கலாம்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு மாதமும் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகங்கள் அடுத்து வரவிருக்கும் இதழ்களின் பட்டியலை வெளியிடுகின்றன. மார்வெல், டிசி, இமேஜ், டார்க் ஹார்ஸ், ஐடிடபிள்யூ, பூம் என்று சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் வரும். அத்தனை அறிவிப்பிலும் ஏதோ ஒரு உலகம் அழியப்போகிறது, யாரோ ஒரு நாயகனின் வாழ்க்கை தலைகீழாகப் போகிறது, ‘இதுவரை யாரும் சொல்லத் துணியாத கதை’ ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது. புதிதாக வருபவர் இதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வாங்க ஆசைப்படுவார். இல்லையென்றால் தலை சுற்றிப் பட்டியலை மூடிவிடுவார்.

இரண்டும் வேண்டாம். விளம்பர வாசகத்தைக் கடைசியில் படியுங்கள். அதைச் சுற்றிச் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களையும் எண்களையும் முதலில் படியுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதற்கான விடையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அந்த வரிகளை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பேச்சு பெரும்பாலும் அமெரிக்க மாத இதழ்களையும் அவற்றின் தொகுப்புகளையும் பற்றியது. ஜப்பானியக் காமிக்ஸான மங்காவும் ஐரோப்பிய ஆல்பங்களும் கடைசியில் சுருக்கமாக வரும்.

முதலில் நாள்கணக்கு

ஓர் இதழ் கடைக்கு வருவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே அதன் அறிவிப்பு வந்துவிடும். அதன் பிறகு ‘ஃபைனல் ஆர்டர் கட்-ஆஃப்’ என்று ஒரு நாள் உண்டு; சுருக்கமாக எஃப்ஓசி என்பார்கள். விற்பனைக்கு வரும் நாளுக்கு மூன்று முதல் ஐந்து வாரம் முன்பாக இது வரும். கடைக்காரர் தனக்கு எத்தனை பிரதி வேண்டும் என்று அன்றைக்குள் இறுதியாகச் சொல்லிவிட வேண்டும். புதிய இதழ்கள் கடைக்கு வருவது புதன்கிழமை. டிசி மட்டும் 2020-இல் செவ்வாய்க்கு மாறி, 2024 ஜூலையில் மறுபடி புதனுக்கே திரும்பிவிட்டது.

இவ்வளவு முன்கூட்டியே ஏன் கேட்கிறார்கள்? காமிக்ஸ் கடைகள் வாங்கும் இதழ்களைப் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. பழைய செய்தித்தாள் கடை முறையில் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பிவிடலாம். 1970-களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்பவர் வேறொரு ஏற்பாட்டைப் பதிப்பகங்களிடம் பேசி முடித்தார்: கடைகளுக்குக் கூடுதல் தள்ளுபடி, ஆனால் திருப்பி அனுப்பும் பேச்சே கிடையாது. அமெரிக்கச் சிறப்புக் கடைகள் இன்றும் பெரும்பாலும் அந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. விற்காத பிரதி கடைக்காரரின் நஷ்டம் என்பதால் அவர் அளந்துதான் வாங்குவார். பெயர் தெரியாத ஒரு புதுத் தொடருக்கு இரண்டே பிரதி வாங்கிவைத்து, இரண்டும் புதன் காலையிலேயே போய்விட்டால், மூன்றாவதாக வருபவருக்கு இல்லை. ஆகவே நாயகர்களின் பெரிய தொடர்களுக்கு முன்பதிவு அவ்வளவு அவசியமில்லை, அவை அடுக்கில் இருக்கும். சிறிய பதிப்பகத்தின் புதுத் தொடர் ஒன்று பிடித்திருந்தால்தான் எஃப்ஓசிக்கு முன் சொல்லிவைக்க வேண்டும். புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பட்டியல் எங்கே கிடைக்கும் என்பதும் முன்னைப்போல் எளிதல்ல. 1990-களின் பிற்பகுதியிலிருந்து 2020 வரை டயமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தர்தான் ஏறக்குறைய எல்லாரையும் கையில் வைத்திருந்தார். அவர்களுடைய ‘பிரிவ்யூஸ்’ என்ற மாதப் பட்டியலை வாங்கினால் முக்கியமான எல்லாம் அதில் இருக்கும். 2020-இல் டிசி விலகி லூனாரிடம் போனது, 2021-இல் மார்வெல் பெங்குவின் ரேண்டம் ஹவுஸிடம் போனது, மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2025 ஜனவரியில் டயமண்ட் திவால் மனு போட்டது. இன்றைக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று நினைக்காமல், உங்களுக்குப் பிடித்த மூன்று நான்கு பதிப்பகங்களின் மாத அறிவிப்புகளை நேரடியாக அவரவர் தளத்தில் பார்ப்பதே உத்தமம்.

ஓர் அறிவிப்பைப் பிரித்துப் பார்ப்போம்

உண்மையான தொடர் எதையும் இழுக்காமல், நானே ஓர் அறிவிப்பைக் கற்பனையாக எழுதிக்காட்டுகிறேன். அமைப்பு மட்டும் அச்சு அசல்.

இரும்புக் காகம் – இதழ் 1 (மொத்தம் 5)
எழுத்து: அ. சித்திரம்: ஆ. வண்ணம்: இ. அட்டை: ஈ.
வேரியன்ட் அட்டைகள்: உ, ஊ. 1:25 வேரியன்ட்: எ.
32 பக்கங்கள். 4.99 டாலர்.
“நகரம் உறங்கும்போது அவன் விழித்திருப்பான்! காகத்தின் கடந்த காலத்தில் புதைந்த ரகசியம் வெளிவரும்போது எதுவும் பழையபடி இருக்காது! புதிய வாசகர்களுக்கு ஏற்ற தொடக்கம்!”

மேலிருந்து வருவோம். ‘மொத்தம் 5’ என்பதுதான் இதில் மிக நல்ல செய்தி. கதைக்கு முடிவு உண்டு, எவ்வளவு செலவாகும் என்பதும் இப்போதே தெரியும்: ஐந்து இதழ், 25 டாலருக்குள். இந்த அடைப்புக்குறி இல்லாவிட்டால் அது முடிவு நாள் குறிக்காத தொடர்.

அடுத்து பெயர்கள். சித்திரம் ‘ஆ’, ஆனால் அட்டை ‘ஈ’. இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அறிவிப்போடு வரும் படம் அட்டைப்படம். அதை வரைந்தவர் உள்ளே ஒரு பக்கம்கூட வரைந்திருக்க மாட்டார். அட்டையில் எண்ணெய் வண்ணத்தில் மின்னுகிற முகம், உள்ளே திறந்தால் அவசர அவசரமாகக் கிறுக்கிய கோடுகளாக இருக்கலாம். உள்பக்க ஓவியரின் பெயரைத் தேடி, அவர் முன்பு வரைந்த இரண்டு மூன்று பக்கங்களைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். பல பதிப்பகங்கள் வெளியீட்டுக்கு முன் சில உள்பக்கங்களையும் வெளியிடும். பார்க்கும்போது சண்டைப் பக்கத்தை விட்டுவிட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் பக்கத்தைப் பாருங்கள். ஓவியரின் கை அங்கேதான் தெரியும்: முகம் கட்டத்துக்குக் கட்டம் அதே ஆளாக இருக்கிறதா, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று புரிகிறதா, பேச்சுக் குமிழிகளை எந்த வரிசையில் படிப்பது என்று கண் தடுமாறாமல் போகிறதா.

‘32 பக்கங்கள்’ என்றால் 32 பக்கக் கதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விளம்பரங்களைக் கழித்தால் கதை பெரும்பாலும் 20 பக்கம், கொஞ்சம் தாராளமாக இருந்தால் 22.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பலர்’ என்று இருந்தால் அது சிறுகதைத் திரட்டு. ஒன்றிரண்டு நன்றாக இருக்கும், மற்றவை இட்டு நிரப்பியவையாக இருக்கக்கூடும். ‘பின்னர் அறிவிக்கப்படும்’ என்று இருந்தால் நீங்களும் பின்னர் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பர வாசகத்தைப் பொறுத்தவரை, ‘புதிய வாசகர்களுக்கு ஏற்றது’ என்ற வரிக்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. எந்தப் பதிப்பகமும் ‘பழைய வாசகர்களுக்கு மட்டும்’ என்று போட்டதில்லை.

1-ஆம் இதழ் என்ற மயக்கம்

எண் 1 என்றால் கதை அங்கே தொடங்குகிறது என்று நினைப்பது இயல்பு. அமெரிக்க நாயக காமிக்ஸில் அது பாதி உண்மைதான். ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ 1963-இல் தொடங்கியது. பிறகு 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என்று மறுபடி மறுபடி எண் 1-லிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். எண் 1 நன்றாக விற்கும் என்பதே முதல் காரணம். எழுத்தாளர் மாறும்போது எண்ணையும் மாற்றிவிடுவார்கள். அதனால் 1 என்பதை ‘புது எழுத்தாளர் வருகிறார்’ என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். கதையின் சுமை முந்தைய தொடரிலிருந்து வந்துகொண்டே இருக்கலாம். மார்வெல் அட்டைகளில் எல்ஜிஒய் என்று பக்கத்திலேயே இன்னொரு எண் சிறியதாக இருக்கும். அது இப்படி மாற்றாமல் விட்டிருந்தால் இது எத்தனையாவது இதழாக இருந்திருக்கும் என்ற பழைய கணக்கு.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 2018-இல் 1000-ஆவது இதழைத் தொட்டது. நான்கு இலக்க எண்ணைப் பார்த்ததும் ‘ஆயிரம் இதழ் படித்தால்தான் புரியும்போல’ என்று ஒதுங்காதீர்கள். எழுத்தாளர் மாறும் இதழாக, ‘பகுதி 1’ என்ற குறிப்போடு இருந்தால், அந்தப் பெரிய எண் எந்தப் புது எண் 1-ஐயும்விட எளிதான வாசலாக இருக்கலாம். எண்ணை விடுங்கள், ‘பகுதி’ என்ற சொல்லைத் தேடுங்கள்.

வழியில் கண்ணில் படும் மற்ற சொற்கள்: ‘ஒன்-ஷாட்’ என்றால் ஒரே இதழில் முடியும். ‘ஆனுவல்’ என்பது ஆண்டு மலர், பெரும்பாலும் தனிக்கதை, சில சமயம் தொடரின் நடுவில் வந்து குறுக்கிடும். ‘ஃபாக்சிமிலி’ என்பது பழைய இதழை அந்தக் கால விளம்பரங்களோடு சேர்த்து அப்படியே மறுபதிப்பு செய்வது. மலிவான வேடிக்கை, அந்த விளம்பரங்களுக்காகவே வாங்கலாம்.

யார் எழுதுகிறார், யார் வரைகிறார், எவ்வளவு நாள்

ஒரு மாதத்துக்கு 20 பக்கம் வரைவது என்றால் வேலைநாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு முழுப்பக்கம். அதை வருடம் முழுக்கத் தரக்கூடிய ஓவியர்கள் குறைவு. அதனால் நான்காவது ஐந்தாவது இதழில் வேறொருவர் நுழைவது சகஜம். மாதம் இருமுறை வரும் தொடராக இருந்தால் கேட்கவே வேண்டாம், ஓவியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் இதழைப் பார்த்து மயங்குவதற்கு முன் 2, 3-ஆம் இதழ்களின் அறிவிப்பிலும் அதே ஓவியர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பு மூன்று மாதம் முன்னதாகவே வருவதால் இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது.

ஓவியர் மாறுவதே குற்றம் என்றில்லை. எப்படி மாறுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘அப்சொலூட் பேட்மேன்’ நல்ல எடுத்துக்காட்டு. எழுத்து ஸ்காட் ஸ்னைடர், முதன்மை ஓவியர் நிக் டிராகோட்டா. இடையில் சில இதழ்களை வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். ஆனால் அவர்களுக்கென்று தனியாக நிற்கும் பகுதியைக் கொடுத்து, முதன்மை ஓவியருக்கு அவகாசம் தேடிக்கொண்டார்கள். ஒரே இதழின் நடுவில் பத்தாவது பக்கத்தில் கை மாறினால்தான் கெடு தவறிவிட்டது என்று அர்த்தம். அறிவிப்பில் ஓர் இதழுக்கு மூன்று ஓவியர் பெயர் இருந்தால், கதையே அப்படி மூன்று காலகட்டங்களாகப் பிரிந்திருந்தாலொழிய, நான் தள்ளிவைத்துவிடுவேன்.

‘அப்சொலூட் பேட்மேன்’ அறிவிப்பிலேயே தெரிந்த இன்னொன்று: கதை புதிய, தனியான ஓர் உலகத்தில் நடக்கிறது, பழைய கதைகளின் சுமை கிடையாது. இந்த வகை அறிவிப்பு நாயக காமிக்ஸில் எப்போதாவதுதான் வரும். புதியவர்கள் தயங்காமல் எடுக்கக்கூடியது இதுதான். 2024 ஜனவரியில் ஜொனாதன் ஹிக்மன் எழுத, மார்கோ கெக்கெட்டோ வரைய மார்வெல் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்-மேன்’ இதே ரகம். இரண்டுமே மறு அச்சு, மறு மறு அச்சு என்று போயின.

படைப்பாளிகளே உரிமையை வைத்திருக்கும் தொடர்களின் நடைமுறை வேறு. 1992-இல் ஏழு ஓவியர்கள் மார்வெலை விட்டு வெளியேறித் தொடங்கிய இமேஜ் இதற்குப் பேர்போனது. இங்கே பெரும்பாலும் ஓவியர் மாறமாட்டார், அவருக்காகத் தொடர் காத்திருக்கும். பிரையன் கே. வான், ஃபியோனா ஸ்டேபிள்ஸ் இருவரின் ‘சாகா’ 2012 மார்ச்சில் தொடங்கி, 2018 ஜூலையில் 54-ஆம் இதழோடு நின்றது. 55-ஆம் இதழ் வந்தது 2022 ஜனவரியில். மூன்றரை வருடம். அந்த மாதிரிக் காத்திருப்புக்கு மனம் ஒப்பினால் அங்கேதான் மிகச் சிறந்த வாசிப்பு கிடைக்கும் என்பது என் கட்சி. பாத்திரங்கள் உண்மையிலேயே சாகும், உண்மையிலேயே வயதாகும், கதை உண்மையிலேயே முடியும்.

அட்டைகளைப் பற்றிச் சுருக்கமாக அல்ல, கொஞ்சம் விரிவாகவே

ஒரே இதழுக்கு ‘வேரியன்ட்’ என்ற பெயரில் பத்துப் பதினைந்து மாற்று அட்டைகள் வருவதைப் பார்த்துப் புதியவர்கள் குழம்புகிறார்கள். உள்ளே இருப்பது ஒரே கதைதான். பிடித்த அட்டை ஒன்றை அதே விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கெட்டி அட்டைத்தாளில் வரும் வேரியன்டுகளுக்குச் சில சமயம் ஒரு டாலர் கூடுதல் இருக்கும்.

1:25 என்று போட்டிருப்பது வேறு கதை. கடைக்காரர் வழக்கமான அட்டையில் 25 பிரதி வாங்கினால் இந்த அட்டையில் ஒன்று வாங்க அவருக்கு உரிமை கிடைக்கும். 1:50, 1:100 என்று ஏறிக்கொண்டே போகும். அந்த ஒரு பிரதியை அவர் என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாம். அவர் வாங்கிய 25-இல் எத்தனை விற்காமல் தங்கும் என்ற பயத்தையும் சேர்த்துத்தான் அந்த விலை வைக்கப்படுகிறது. அரிய பொருள் என்ற தோற்றம் இப்படி உருவாக்கப்படுகிறது. ஓவியமே அற்புதமாக இருந்து, அதைச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் ஒழிய, தொடக்க வாசகருக்கு இதில் வேலையில்லை.

‘நாளைக்கு விலை ஏறும்’ என்று யாராவது சொன்னால் 1990-களின் தொடக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1991-இல் வந்த ‘எக்ஸ்-மென்’ 1-ஆம் இதழ் ஐந்து அட்டைகளோடு 80 லட்சத்துக்கு மேல் போனது; கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் 75-ஆம் இதழைக் கறுப்பு உறையில் போட்டு, உள்ளே துக்கப் பட்டையும் வைத்து விற்றார்கள். மக்கள் வரிசையில் நின்று ஆளுக்கு ஐந்து பத்து என்று வாங்கி, உறையைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு யார் அதிக விலை கொடுப்பார்? அந்த எக்ஸ்-மென் இதழ் இன்றும் சில டாலர்களுக்குக் கிடைக்கும். மறுபக்கம், 2003-இல் ‘வாக்கிங் டெட்’ 1-ஆம் இதழ் ஏழாயிரத்துச் சொச்சம் பிரதிதான் அச்சானது. அது பெரிய தொலைக்காட்சித் தொடராகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, அதனால்தான் இன்று அதற்கு விலை. எது ஏறும் என்று அறிவிப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தால் அது ஏறவே ஏறாது.

இரண்டாம் அச்சு, மூன்றாம் அச்சு என்று வருவதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். படிப்பதற்கு எல்லா அச்சும் ஒன்றுதான். முதல் அச்சு தீர்ந்து இணையத்தில் இரண்டு மடங்கு கேட்கிறார்கள் என்றால், சில வாரம் பொறுத்து அடுத்த அச்சை அட்டை விலைக்கே எடுங்கள்.

இதழாகவா, தொகுப்பாகவா?

எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஐந்து அல்லது ஆறு இதழ் சேர்ந்து ஒரு பேப்பர்பேக் தொகுப்பாக, கடைசி இதழ் வந்து சில மாதங்களில் வெளிவரும். 3.99 டாலர் இதழ் ஆறு வாங்கினால் 24 டாலர் ஆகிறது. தொகுப்பு பெரும்பாலும் அதற்குக் கீழேதான். விளம்பரம் இல்லை, அலமாரியில் முதுகு தெரிய நிற்கும், கதையும் ஒரே மூச்சில் போகும். இமேஜ் பல தொடர்களின் முதல் தொகுப்பை மட்டும் 9.99 டாலருக்குத் தந்துவந்தது. ‘சாகா’வின் முதல் தொகுப்பு அப்படித்தான் வந்தது, ஏறத்தாழ மூன்று இதழ் விலையில் ஆறு இதழ்.

அப்படியிருக்க இதழாக ஏன் வாங்க வேண்டும்? எனக்குத் தெரிந்து நியாயமான காரணங்கள் சில. புதிய படைப்பாளிகளின் தொடர் நிலைக்குமா நின்றுபோகுமா என்பது முதல் இதழ்களின் விற்பனையைப் பொறுத்தது. ‘தொகுப்பு வரட்டும்’ என்று எல்லாரும் காத்திருந்தால் தொகுப்பே வராமல் போகலாம். வாசகர் கடிதங்களும் பின்பக்கக் கட்டுரைகளும் பல சமயம் தொகுப்பில் சேர்வதில்லை. மாதாமாதம் காத்திருக்கும் சுகமும் சிலருக்குத் தேவை. இவற்றில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால், பெரிய பதிப்பகங்களின் தொடர்களைத் தொகுப்பாகவே வாங்குங்கள். அவற்றின் தொகுப்பு வராமல் போவது அரிது.

தொகுப்புகளிலும் பல உருவங்கள் உண்டு. 2024-இல் டிசி தொடங்கிய ‘காம்பாக்ட் காமிக்ஸ்’ வரிசை 9.99 டாலர் விலையில், நாவல் அளவில், முழுக்கதையைத் தருகிறது. கையில் பிடிக்க வசதி. சித்திரம் சுருங்குவதால் எழுத்து பொடியாகிவிடுகிறது, கண்ணாடி போட்டவர்கள் ஒருமுறை திறந்துபார்த்து வாங்கலாம். ஆனாலும் எதில் தொடங்குவது என்று கேட்பவருக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்த வரிசையைத்தான்.

மார்வெலின் ‘எபிக் கலெக்‌ஷன்’ பழைய கதைகளை நானூறு ஐநூறு பக்கங்களில், வண்ணத்தில் தருகிறது. இதில் ஒரு கூத்து உண்டு: தொகுதிகள் எண் வரிசைப்படி வெளிவருவதில்லை. 17-ஆம் தொகுதி இந்த மாதம், 4-ஆம் தொகுதி அடுத்த வருடம் என்று வரும். முதுகில் இருக்கும் எண் கதையின் கால வரிசை. வெளியீட்டு வரிசை அல்ல. ‘முதல் தொகுதி வரட்டும்’ என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், எந்தக் காலகட்டத்துக் கதை என்று பார்த்து இடையிலேயே எடுக்கலாம். டிசி 2024 நவம்பரில் தொடங்கிய ‘டிசி ஃபைனஸ்ட்’ வரிசையும் இதே போக்குதான்.

ஆம்னிபஸ் என்ற தடித்த கெட்டி அட்டைப் புத்தகம் ஆயிரம் பக்கத்தைத் தொடும், விலை நூறு டாலரைத் தாண்டும். படுத்துக்கொண்டு படித்தால் மார்பில் கல் வைத்த மாதிரி இருக்கும். அச்சு தீர்ந்தால் மறுபதிப்புக்கு வருடக்கணக்கில் ஆகலாம் என்பதால், அறிவிப்பு வந்ததும் பலர் பதறிப்போய் முன்பதிவு செய்கிறார்கள். அந்தப் பதற்றத்தில் நீங்கள் கலந்துகொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே படித்துப் பிடித்துப்போன கதைக்கு மட்டுமே ஆம்னிபஸ். தெரியாத கதைக்கு ஒருபோதும் அல்ல.

திரையில் படிக்கச் சம்மதம் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மார்வெல் அன்லிமிடெட் சந்தாவில், கடைக்கு வந்து மூன்று மாதத்தில் இதழ்கள் சேரத் தொடங்கும். டிசி யுனிவர்ஸ் இன்ஃபினிட்டின் சாதாரணச் சந்தாவில் ஆறு மாதம், அல்ட்ரா சந்தாவில் ஒரு மாதம். ‘பார்க்கலாமா வேண்டாமா’ என்று இழுபறியாக இருக்கும் நாயகத் தொடர்களையெல்லாம் இந்தக் கணக்கில் தள்ளிவிட்டு, காகிதத்துக்கான பணத்தை மற்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெருநிகழ்வு அறிவிப்புகள்

கோடை நெருங்கினால் எல்லா நாயகர்களும் ஒன்றுசேரும் பெருங்கதை அறிவிப்பு வரும். மையக் கதை ஆறேழு இதழ். அதைச் சுற்றி டை-இன் எனப்படும் கிளை இதழ்கள் முப்பது நாற்பது. அறிவிப்பில் எல்லாமே ‘முக்கியமான திருப்பம்’ என்றுதான் இருக்கும். மையக் கதையை மட்டும் படித்தால் கதை புரியும், புரிய வேண்டும். புரியாவிட்டால் எழுதியவர் கோட்டைவிட்டார் என்று அர்த்தம். நீங்கள் ஏற்கெனவே தொடர்ந்து வாங்கும் தொடரில் அந்தக் கிளை வந்தால் படியுங்கள். அதற்கென்று புதிதாக ஒன்றையும் எடுக்காதீர்கள். முதல் வருடத்தில் பெருநிகழ்வே வேண்டாம் என்பேன்: பாதி முகங்கள் யாரென்றே தெரியாமல், அவர்கள் சாவதற்கு எப்படி வருத்தப்படுவது?

அப்படியானால் எதை எடுப்பது?

என் வரிசை இது. முடிவு எண் குறித்த குறுந்தொடர், அதுவும் எழுத்தாளரும் ஓவியரும் முன்பு சேர்ந்து வேலை செய்தவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு முதலிடம். அடுத்தது, மேலே சொன்னதுபோல் பழைய சுமையற்ற தனி உலகத் தொடர். அதற்கடுத்து, நல்ல பெயர் வாங்கி முடிந்துபோன தொடரின் முழுத் தொகுப்பு. இது ‘புதிய வெளியீடு’ பட்டியலின் கடைசிப் பக்கங்களில், யாரும் பார்க்காத இடத்தில் கிடக்கும்; பட்டியலைப் பின்னாலிருந்து படிக்கும் பழக்கம் இதற்காகவே நல்லது. திரைப்படம் வெளியாகும் மாதத்தில் அந்த நாயகன் பெயரில் திடீரென்று முளைக்கும் தொடர்களை நான் தொடுவதில்லை.

ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வாங்குவதைவிட ஒரு படைப்பாளியைப் பிடித்துக்கொண்டு வாங்குவது எப்போதும் லாபம். பேட்மேன் பெயரில் மட்டும் மாதம் பல இதழ் வருகிறது; அத்தனையும் ஒரே தரத்தில் இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு கதை பிடித்திருந்தால் அட்டையில் யார் முகம் என்பதை மறந்துவிட்டு, உள்ளே யார் பெயர் என்பதைக் குறித்துவையுங்கள். வண்ணம் தீட்டியவரின் பெயரையும் சேர்த்து. ஒரே ஓவியர் இரண்டு வண்ணக்காரர்களிடம் இரண்டு வேறு ஆட்களாகத் தெரிவார் என்பது கொஞ்சம் படித்த பிறகு கண்ணில் படும்.

மங்கா, ஐரோப்பிய ஆல்பங்கள்

மங்காவுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. தொகுதி எண் 1 என்றால் 1 தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஜப்பானில் முடிந்துவிட்டதா, மொத்தம் எத்தனை தொகுதி? ‘ஒன் பீஸ்’ 1997-இல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரிக் கடலில் இறங்குவதற்கு முன் பத்துத் தொகுதிக்குள் முடியும் ஒன்றில் தொடங்குங்கள். பழைய தொடர்கள் இரண்டு மூன்று தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்த பதிப்பாக வந்தால் அதுவே சிக்கனம்.

பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்கள் பெரும்பாலும் 48 பக்க அளவில், கெட்டி அட்டையில், வருடத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் வருபவை. ‘ஆஸ்டெரிக்ஸ்’ 2013 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் ஒன்று என்று தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. மொழிபெயர்ப்பில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூன்று ஆல்பத்தில் முடியும் கதையின் முதல் ஆல்பத்தை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு விட்டுவிடும் பழக்கம் சில பதிப்பகங்களுக்கு உண்டு. மூலத்தில் கதை முடிந்துவிட்டதா, எல்லாப் பகுதியும் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவும் கைவிடுவதும்

தேர்ந்தெடுத்தாகிவிட்டது. கடைக்காரரிடம் தொடரின் பெயர், பதிப்பகம், எந்த அட்டை என்று மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அட்டையைச் சொல்லாவிட்டால் எது கைக்கு வருகிறதோ அது. வெளியீட்டு நாள் தள்ளிப்போவது சாதாரணம். அறிவிப்பை ரத்துசெய்து மறுபடி அறிவித்தால் பழைய முன்பதிவு செல்லாமல் போகலாம், அப்போது புதிதாகச் சொல்ல வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் நாள்கணக்கு மறுபடி வேலை செய்யும். மாதத் தொடரின் முதல் இதழ் உங்கள் கைக்கு வரும்போது இரண்டாம் இதழின் எஃப்ஓசி பெரும்பாலும் முடிந்திருக்கும். அதாவது இரண்டாம் இதழ் உங்களுக்காக வாங்கப்பட்டாயிற்று. மூன்றாம் இதழின் அறிவிப்பும் வெளியாகியிருக்கும். முதல் இதழ் பிடிக்கவில்லை என்றால் அன்றே சொன்னால் மூன்றிலிருந்து நிறுத்தலாம். ‘இன்னும் ஓர் இதழ் பார்க்கலாம்’ என்று இரண்டாவதையும் படித்துவிட்டுச் சொன்னால் மூன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். ஐந்து இதழ்க் குறுந்தொடரில் மூன்று வந்தபின் நிறுத்துவதில் பொருளில்லை. ஆக, முடிவு முதல் இதழைப் படித்த அந்த வாரத்திலேயே. எடுத்துவைக்கச் சொன்ன இதழை வாங்காமலே விட்டுவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பிரதியை அவரால் திருப்பி அனுப்ப முடியாது. அடுத்த முறை நீங்கள் கேட்கும் அந்தச் சின்னப் பதிப்பகத்தின் புதுத் தொடருக்கு அவர் ஒரு பிரதிகூட வாங்கிவைக்க மாட்டார்.